இரண்டு சுற்று இறுக்கம்

மோட்டார் சைக்கிள் செயின் கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்க வேண்டும், சேர். இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நடுவில் விரலை வைத்துத் தூக்கினால் ஓர் அங்குலமாவது ஆட வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், செயின் தானாகவே இறுகும். அதற்காக விட்டு வைப்பதுதான் அந்த ஓர் அங்குலம்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நல்லது. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கத்தான் போதும்.

நான் எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பதினேழு வருசமாக பிட்டர். இலை உருட்டும் மெஷின்களெல்லாம் என் பொறுப்பு. என் மனைவி சுதர்ஷினி, மகள் தனுஷிகா பிறந்த பிறகு படித்து டீச்சர் வேலைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் ராகலைக்கு அந்தப் பக்கம். பழைய பைக் ஒன்றை நானே பார்த்து வாங்கிக் கொடுத்து, ஓட்டவும் பழக்கினேன்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் டீச்சர் வீட்டுக்காரர் ஆனேன். அதில் எனக்குக் கோபமில்லை. மழையிலும் பனியிலும் அந்த ரோட்டில் அலைகிறாளே என்றுதான் கவலை. வேலையை விட்டுவிடச் சொன்னேன்.

"ஏங்க, கெடச்ச வேலைய யாராவது விடுவாங்களா?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் செயினைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கத் தொடங்கினேன். விழட்டும் என்று அல்ல. இறுகிய செயின் சக்கரத்துப் பெயாரிங்கைத் தின்னும், வண்டி வழியில் நின்றுபோகும். நாலு தடவை நின்றால் யாருக்கும் அலுத்துவிடும். நாலு தடவை நின்றது. நாலாவது தடவை, வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். எங்கள் வீட்டில் அது ஒரு நல்ல சாயங்காலம்.

அவள் வேலையை விடவில்லை. ஒரு சனிக்கிழமை ராகலையில் கராஜ் வைத்திருக்கும் ஹமீத் நானாவிடம் வண்டியைக் கொண்டுபோனாள்.

"செயின் ரொம்ப இறுக்கமாம்ங்க, பெயாரிங் போனதே அதனாலதானாம்," என்றாள் திரும்பி வந்து. "எப்படி வைக்கிறதுன்னு என் கையாலயே செய்ய வச்சாரு. செயினும் நைஞ்சு போச்சாம், அடுத்த கிழமை மாத்தணுமாம். இனி நானே பாத்துக்கிறேன்."

பக்கத்து வீட்டு இராமையா வாசலில் நின்றிருந்தார். பெக்டரியில் என்னோடு வேலை செய்பவர்.

"என்னப்பா, பிட்டருக்கே டீச்சர் பாடம் எடுக்குறாங்க," என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் பின்சக்கரத்தை இளக்கி, அதைப் பின்னுக்கு இழுக்கும் இரண்டு பக்க நட்டையும் இரண்டு சுற்று இறுக்கினேன். தான் வைத்தது பிழை என்று அவளுக்கே தெரிய வேண்டும், அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தனுஷிகா வெளியே வந்தாள். எட்டு வயது. தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தாள்.

"அப்பா, நானும் இன்னைக்கு அம்மா ஸ்கூலுக்குப் போறேன். அங்க ஸ்போர்ட்ஸ் மீட்."

"எதுல போறீங்க?"

"பைக்லதான்."

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. இரண்டு பேர் ஏறினால் பின்பக்கம் எவ்வளவு அமுங்கும் என்று எனக்குத் தெரியும். நைந்த செயின் என்றும் தெரியும். திரும்பத் தளர்த்த ஐந்து நிமிசம் போதும். ஆனால் அதற்குள் சுதர்ஷினி வந்துவிட்டாள். அவள் பார்க்கக் குனிந்து தளர்த்தினால், நான் ஏதோ செய்துவிட்டேன் என்றாகும். பிள்ளை இருந்தால் மெதுவாகத்தான் ஓட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு ஹெல்மெட் வாரை நான்தான் மாட்டிவிட்டேன்.

கோயில் வளைவு இறக்கத்தில், வண்டி ஒரு குழியில் இறங்கியதும் செயின் அறுந்து சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. எதிரே பஸ். சுதர்ஷினிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தனுஷிகாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை செயின் வைத்தபோது சக்கரம் எந்த இடத்தில் நின்றது என்று ஹமீத் நானா வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருந்தாராம். உங்கள் பொலிஸ் முற்றத்தில் கிடக்கும் வண்டியில் சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்கிறீர்கள். சரிதான். தாண்ட வைத்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதைச் சுதர்ஷினியிடம் இப்போது சொல்ல வேண்டாம், சேர். தன் கையால் வைத்த செயின்தான் பிள்ளையைக் கொன்றது என்று இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். வேலையையும் விட்டுவிட்டாள். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

அன்று முதல் இன்று வரை அவளை நான் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவள் கேட்ட அந்த நிமிசமே மன்னித்துவிட்டேன்.