சோபா வெளியே, பைக் உள்ளே

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது.

நேற்று முட்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒருத்தியும் அவள் புருஷனின் தங்கையும் இருந்தார்கள்.

"சோபாவ வெளிய போட்டுட்டு அண்ணனுக்க பெரிய பைக்க வீட்டுக்குள்ள நிறுத்தியிருக்கியளாமே, மைனி?" என்றாள் தங்கைக்காரி.

"உப்புக்காத்து சோபாவ ஒண்ணும் செய்யாது. பைக்க விட்டா துரு தின்னுரும். தெனமும் தொடச்சு எண்ணெ போடுதேன்."

"அண்ணன் துபாயில இருந்து வந்ததும் வித்துருவேன்னு சொல்லுதான். ஓட்ட ஆளில்லாம சும்மா நிக்குதாம்."

"சும்மா நிக்குதுன்னு ஆரு சொன்னா? பேட்டரி போயிராம வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. பண்ணுனேன். பொறவு முற்றத்துல ஓட்டுனேன். இப்ப லைசன்சும் எடுத்தாச்சு, கொளச்சல் வரைக்கும் போயிட்டு வாறேன்."

"அந்தக் கனத்த வண்டியையா?"

"நிக்கும்பந்தான் கனம். உருளத் தொடங்குனா ஒரு கனமும் இல்ல, கேட்டியா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழம தெரியும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான்தான் பைக்க கொண்டு போறேன். வீடு வரைக்கும் எனக்குப் பொறத்த, பின் சீட்டுல இருந்து வரட்டு. அப்புறம் விக்கணுமான்னு சொல்லட்டு."

"அவனுக்க பெட்டியெல்லாம்?"

"அது ஒனக்க மாப்பிள்ளைக்க ஆட்டோவுல வரட்டு."

மக்கா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி. பெட்டி ஆட்டோவில் வருகிற இடத்தை மட்டும் பைய வாசி, எனக்கு இன்னொருக்கா சிரிக்கணும்.