உழுந்துக்குப் பிறகு எள்ளு

குருக்கள்: ...வயரிலை பிழை எண்டு இனியும் சொல்லாதையும், மாயாண்டி.

மாயாண்டி: வயருதான் சாமி. எலி கடிச்சிருச்சு.

குருக்கள்: மூண்டு திருவிழாவா ஒரே எலியோ?

மாயாண்டி: கோயில் எலி சாமி... விவரமானது.

குருக்கள்: பகிடி விடாதையும். நாளைக்குச் சங்காபிஷேகம், அக்கராயன் ஊர் முழுக்க வந்து நிக்கும். நான் உருத்திரம் முடிச்சுச் சமக மந்திரம் தொடங்க, உம்மடை ஸ்பீக்கர் செத்துப்போகும். அதுதான் பரிபாலன சபை மல்லாவியிலையிருந்து வேறை ஸ்பீக்கர் செற் எடுக்குது.

மாயாண்டி: ஐயோ, வேண்டாஞ் சாமி! ஊருக்குத் திரும்பி வந்த நாள்ல இருந்து நான்தானே... மல்லாவிக்காரனுக்கு உங்க குரல் பழக்கமில்ல.

குருக்கள்: ஸ்பீக்கர் போடக் குரல் என்னத்துக்குப் பழகவேணும்? சரி, போனமுறை எந்த இடத்திலை நிண்டது?

மாயாண்டி: உழுந்து கேட்டீங்க... எள்ளு கேக்க முந்தி.

குருக்கள்: என்ன?

மாயாண்டி: இல்ல சாமி, சும்மா...

குருக்கள்: நில்லும். சமஸ்கிருதத்திலை சொல்லுறது உமக்கு எப்பிடி விளங்கினது?

மாயாண்டி: ஒரு வருசம் நீங்கதான் மைக்குல பொருள் சொன்னீங்க. நெல்லுந் தா, உழுந்துந் தா, எள்ளுந் தா, பயறுந் தான்னு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சிருச்சு. மந்திரம்னா மோட்சந்தான் கேக்கும்னு இருந்தேன்... இது என்னை மாதிரி வயல்காரன் கேக்குறதயெல்லாம் கேக்குதே!

குருக்கள்: ஓம்... வெக்கப்படாமல் கேக்கும். அதுதான் அதின்ரை வடிவு.

மாயாண்டி: நெல்லு விதைக்கிறப்ப அதைத்தான் சொல்லுவேன். தப்பா சாமி?

குருக்கள்: முழுக்கத் தெரியுமோ?

மாயாண்டி: பதினொரு பகுதியும்... கேட்டுக் கேட்டே வந்திருச்சு.

குருக்கள்: எங்கை, எள்ளிலையிருந்து சொல்லும் பாப்பம்.

மாயாண்டி: திலாஸ்ச மே... முத்காஸ்ச மே...

குருக்கள்: கூச்சப்படாமல் சொல்லும்... ஓம்... ஓம்... நிப்பாட்டாதையும்... அட சிவனே! ஏற்ற இறக்கங்கூடப் பிசகேல்லை. கேக்கக் கண்ணிலை தண்ணி வருது, மாயாண்டி.

மாயாண்டி: எல்லாம் உங்ககிட்ட கேட்டதுதானே சாமி.

குருக்கள்: இப்ப உண்மையைச் சொல்லும். வயர்...

மாயாண்டி: வயரு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு அந்தப் பெரிய காய்ச்சல் வந்த பிறகு, உழுந்தோட வரி மறந்துபோகுது. சனம் கேட்டிரக் கூடாதுன்னு நான்தான் நிப்பாட்டுவேன். நீங்க வரியைப் பிடிச்சதும் திறந்துவிடுவேன். மல்லாவிக்காரன் அப்பிடிச் செய்வானா?

குருக்கள்: நீர் வரி தெரிஞ்சுதான் நிப்பாட்டுறீர் எண்டு எனக்கு முதல் திருவிழாவிலையே தெரியும்; முழுக்கத் தெரியுமோ எண்டுதான் சோதிச்சுப் பாத்தன். மல்லாவிச் செற்றைக் கேட்டது சபை இல்லை, நான்தான். நீர் அந்த ஸ்பீக்கர்ப் பெட்டியடியிலை இருந்தால், எனக்குப் பக்கத்திலை இருந்து வரி எடுத்துத் தாறது ஆர்?