பாட்டில்களைக் கொட்டும் நாள்

எங்கள் இல்லத்து டீ நன்றாக இருக்கும், மேடம். ஏலக்காய் தட்டிப் போடுவோம். குடித்துக்கொண்டே கேளுங்கள், ஆறிப்போனால் ருசிக்காது.

கோயம்புத்தூரிலிருந்து இரண்டாம் முறையாக வந்திருக்கிறீர்கள். உங்கள் பம்பு கம்பெனி எங்கள் குடிமீட்பு இல்லத்துக்குத் தர இருந்த உதவியை ஏன் வேண்டாம் என்றேன், குமாரவேலுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்டால் மறைக்கிற ஆள் இல்லை இந்தப் புருஷோத்தமன்.

மனைவி தவறிய பிறகு பாங்கு வேலையை விட்டுவிட்டு, பாண்டி மூலக்குளத்தில் எங்கள் வீட்டையே இல்லமாக்கினேன். மாடியில் நான், கீழே அவர்கள். தெருவுக்குத் தெரு பார் இருக்கிற ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஒரு மதுபானக் கம்பெனிக்காரர்கள் புதுக் கட்டடமே கட்டித் தருவதாக வந்தார்கள். வாசலோடு அனுப்பிவிட்டேன். குடிக்க வைத்துச் சம்பாதித்த காசில் குடியை நிறுத்த மருந்து வாங்குவதா? அன்றிலிருந்து எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு விதி உண்டு. கொடுக்கிற கை எதில் நனைந்த கை என்று விசாரிக்காமல் எதையும் வாங்குவதில்லை. இதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள், மாலை போடுகிறார்கள். திரும்பி மாடிக்கு வந்தால் அந்த மாலையைக் காட்ட ஒரு ஆள் இருக்காது.

குணமானவர்கள் போய்விடுவார்கள், மேடம். இந்த வேலையின் லட்சணமே அதுதான். வாசலில் காலில் விழுந்துவிட்டுப் போனவன், மறுமாதம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவான். என் முகத்தைப் பார்த்தால் அவனுக்குப் பழைய நாள் ஞாபகம் வருமில்லையா? நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

குமாரவேல் அப்படி இல்லை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன் மனைவி தனம் மீன் விற்றுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, இவனையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். வந்த புதிதில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாத அளவுக்கு அவன் கை நடுங்கும். பின்கட்டில் என் மாமனாரின் பெத்தாங் குண்டுகள் கிடந்தன. பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய மனிதர், சாயங்காலமானால் அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சின்ன மரப்பந்தை முதலில் எறிய வேண்டும். பிறகு யாருடைய இரும்புக் குண்டு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர் ஜெயித்தார். கை நிதானப்படட்டும் என்று அவனைத் தினமும் ஆட வைத்தேன். ஆரம்பத்தில் குண்டு அவன் காலடியிலேயே விழும். போகப் போக என் குண்டைத் தட்டிவிட்டுத் தன்னுடையதைப் பந்தோடு ஒட்டி நிறுத்தத் தொடங்கினான்.

“இன்னா சார், இன்னிக்கும் தோத்துட்டீங்களா? பாண்டிக்காரன்னு வெளிய சொல்லிக்காதீங்க” என்பான்.

மனைவிக்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்த ஒரே ஆள் அவன். சாயங்காலம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே காத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள். நல்ல கம்பெனிதான் என்று எனக்கும் பட்டது. கடைசியில்தான் இன்னொன்று சொன்னீர்கள். குணமானவர்களுக்கு உங்கள் தொழிற்சாலையில் வேலை, குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ், முதல் ஆளாகக் குமாரவேல்.

அதன் பிறகு இன்னும் ஆழமாக விசாரித்தேன். உங்கள் முதலாளியின் மைத்துனர் தன்னுடைய கட்டடம் ஒன்றை பாருக்கு வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தது. தூரத்துக் கறைதான். ஆனாலும் கறை கறைதானே? கமிட்டியில் எடுத்துச் சொன்னேன், எல்லோரும் கைதட்டி உங்கள் உதவியை நிராகரித்தார்கள்.

குமாரவேல் அன்று ஆடும்போது சொன்னான்.

“ட்ரஸ்டுக்கு வோணாம்னா போவட்டும் சார். எனக்கு மட்டுமாச்சும் அந்த மேடத்துகிட்ட சொல்லுங்களேன். எம் பொண்ணு சுவேதாவ அங்க நல்ல ஸ்கூல்ல சேக்கணும்னு தனம் ஒத்தக் கால்ல நிக்குது.”

பார்க்கலாம் என்றேன். அவனே உங்களுக்குப் போன் போட்டான், நீங்களும் உடனே வரச் சொல்லிவிட்டீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் துணி மூட்டைக்குள் பாட்டிலை ஒளித்துக் கொண்டுவருவார்கள். அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவைப்போம். குணமாகிப் புறப்படுகிறவன், எல்லோரும் சுற்றி நிற்க, அவற்றைத் தன் கையாலேயே திறந்து கொட்ட வேண்டும். எல்லோரும் சுற்றி நிற்பதுதான் அதில் முக்கியம். அந்த வாடையில் ஒருத்தன் தனியாக நிற்கக் கூடாது என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான்.

குமாரவேல் புறப்பட வேண்டிய நாள் மதியம், மற்றவர்களை வார்டனோடு பூங்காவுக்கு அனுப்பினேன். அலமாரிச் சாவியை அவனிடம் கொடுத்து, பின்கட்டுக் குளியலறையில் கொட்டிவிடச் சொன்னேன்.

“நீங்களும் கூட நில்லுங்க சார். எனக்குப் பயமா இருக்குது” என்றான்.

“உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, போ” என்றேன்.

பாட்டில்களை அணைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும்.

முதலில் கொட்டுகிற சத்தம் கேட்டது. உண்மையாகவே கொட்டினான், மேடம். அவனுக்காக அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு கதவைத் தட்டினான்.

“சார், தொறங்க சார். என்னால முடியல சார்.”

நான் வெளிப்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து திறக்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டினான், அழுதான், பிறகு மிச்சமிருந்த பாட்டிலின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது, கொட்டுகிற சத்தம் கேட்கவில்லை. மனசு லேசானது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், எனக்கு அலுக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஈரத் தரையில் அவன் விழுந்த சத்தமும் கேட்டது. உடனே போய்த் திறந்தால் அவனுக்கு அவமானமாக இருக்குமே என்று மற்றவர்கள் திரும்பி வரும் நேரம்வரை பொறுத்திருந்தேன்.

தலையில் பலமான அடி. ஆஸ்பத்திரிக்கு வந்த தனம் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“திருந்திட்டாருன்னு நம்பி வீட்ட வேற காலி பண்ணிட்டேன் சார். இனிமே என்னால ஆவாது. நீங்களே பாத்துக்கங்க. ஒங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும்” என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் பேச்சை நான் மறுக்கவில்லை. அவள் இருந்த நிலைமையில் அது சரியாக இருந்திருக்காது.

இப்போது அவனுக்குப் பேச்சு இல்லை, வலது கை தூக்க வராது. தினமும் சாயங்காலம் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்காரவைப்பேன். அவன் உள்ளங்கையில் குண்டை வைத்து, மேலே என் கையை வைத்து மூடி, இரண்டு பேருமாக எறிவோம். பெரும்பாலும் அவனைத்தான் ஜெயிக்க விடுகிறேன்.

கோயம்புத்தூரில் வைத்து வைத்தியம் பார்த்தால் பேச்சு திரும்ப வரலாம், செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். ரொம்ப நன்றி, மேடம். ஆனால் அந்த மைத்துனரின் கட்டடத்தில் பார் இன்னும் நடக்கிறதே. உயிர் போகிற நேரத்திலும் விதி விதிதான். ஒரு ஆளுக்காக வளைத்தால் நாளைக்கு ஊர் ஊராகப் போய் நான் எதைப் பேசுவேன்?

நான் சொன்னதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். போகும்போது மட்டும் கதவை மெதுவாகச் சாத்துங்கள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே குமாரவேல் உடம்பெல்லாம் நடுங்கி அழுகிறான். நானும் அவனை விட்டுப் போய்விடுவேனோ என்கிற பயம்தான், பாவம்.