எதை வெட்டினாலும் அணையும்

எரியுதா டெஸ்டர்? நல்லாப் பாத்து சொல்லுங்க தம்பி. ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கு, ஆமா, நானே ரெண்டு தடவ பாத்தேன். பல்பும் அணைஞ்சுதான் இருக்கு. ஆனா ஹோல்டர்ல கரண்டு இருக்குங்கறீங்க. சரி. கீழ இறங்குங்க, மெயினை அணைச்சிட்டு வர்றேன்.

ம், இப்ப ஏறுங்க. அய்யோ, அந்த இரும்பு ஸ்டூல் வேணாம். இந்த மர நாற்காலியே போதும், நான் புடிச்சுக்கறேன்.

பரவால்ல, எனக்கென்ன, நிக்கறேன். எங்க வீட்டுக்காரர் போயி இன்னியோட நாப்பத்தி மூணு நாளு. இதே எடம்தான், துணி துவைக்கிற ரூம். பல்பு மாத்த ஏறினாரு, தரையெல்லாம் ஈரம். தடால்னு சத்தம் கேட்டு ஓடியாந்தேன். பழைய பல்பு உடையாம வாளித் தண்ணியில மெதக்குது. அதத்தான் மொதல்ல பாத்தேன்னா பாத்துக்கோங்க. அவரைப் பாக்கலை.

அழலையான்னு எல்லாரும் கேக்கறாங்க. வரலை தம்பி. மரத்துப்போச்சு. சாப்புடறேன், தூங்கறேன், குழாய மூடினேனான்னு ரெண்டு தடவ பாக்கறேன், அவ்வளவுதான்.

ஸ்விட்ச அணைக்க மறந்திருப்பாருன்னாங்க. இல்ல, அணைஞ்சுதான் இருந்துச்சுன்னு சொன்னேன். பாவம், அதிர்ச்சியில உளர்றான்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டாங்க.

ஸ்விட்சா? அவரேதான் மாத்தினாரு, ஆறு மாசம் இருக்கும். முன்னாடி குழாய்க்குப் பக்கத்துல இருந்துச்சு. ஈரக் கையோட போடறே, ஒரு நாள் இல்ல ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கப்போறேன்னு எங்கிட்ட கத்திக்கிட்டே இருப்பாரு. எனக்காகத்தான் வெளிய கொண்டுபோயி வெச்சாரு. மருந்துக் கடை வேலைதான், ஆனா ஸ்க்ரூ டிரைவர் கையில கெடச்சா மனுஷனுக்குச் சோறு தண்ணி வேணாம்.

ஆமா, ரெண்டு வயரும் ஒரே கலர்தான். பழைய வீடு இல்லையா.

வெளக்க வேணாம் தம்பி, புரியுது. வர்ற வயர வெட்டி ஸ்விட்ச் வெக்கணும். அவரு திரும்பிப் போற வயர வெட்டி வெச்சிருக்காரு. லைட்டு அணையும், ஆனா கரண்டு ஹோல்டர் வரைக்கும் வந்து நின்னுக்கிட்டே இருக்கும். சரிதானே? எனக்கே தெரியும். இன்னொருத்தர் வாயால கேக்கணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

நான் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். பசங்க எனக்கு வெச்ச பட்டப்பேரு கரண்டு. கரண்டு வருதுடான்னு அலறிக்கிட்டு ஓடுங்க. பதினெட்டு வருஷமா இதே பாடம். மேஜை மேல ரெண்டு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, ஒரு ஸ்விட்ச். ஸ்விட்ச இந்தப் பக்கம் வெச்சுக் காட்டுவேன், அந்தப் பக்கம் வெச்சுக் காட்டுவேன். சுத்துல எங்க அறுந்தாலும் பல்பு அணையும் பாத்தீங்களாம்பேன். அந்தப் பாடம் தப்பில்ல தம்பி. ரெண்டு பேட்டரியத் தொட்டா யாருக்கு என்ன ஆகப்போகுது? வீட்டுக்குத்தான் அது பத்தலை. திங்கக்கிழமை திரும்பப் போகணும், பத்தாங்கிளாஸுக்கு இந்தப் பாடம் பாதியில நிக்குது.

முன் ரூம்ல உக்காந்திருக்காரே, அவரோட அண்ணன். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ஒரே பேச்சு. திமிரு புடிச்சவன், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டா கௌரவம் கொறைஞ்சுடும், யாரையும் ஒரு வார்த்தை கேக்காம தானே செஞ்சு தானே போய்ச் சேந்தான்னு. நாப்பத்தி மூணு நாளா நானும் பக்கத்துல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டிருக்கேன்.

நீங்க போறப்போ அவர்கிட்ட சொல்லிடுறீங்களா? எனக்கு வாய் வரமாட்டேங்குது. ஸ்விட்ச மாத்தின அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட கேட்டாரு. டீச்சர், ஒரு சந்தேகம்னு கிளாஸ்ல பசங்க தூக்கற மாதிரி கையத் தூக்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வந்து நின்னாரு. ரெண்டும் ஒரே கலரா இருக்கே, எதை வெட்டறதுன்னாரு. நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். தலையக்கூடத் தூக்கலை. எதை வெட்டினாலும் அணையும், போங்கன்னேன்.