உறைந்துபோன நாற்பது குப்பிகள்

அவைக்குத் தலைமை தாங்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே! ஆய்ந்தறிந்த ஆன்றோரே! காய்ச்சல் வார்டில் கால்கடுக்க நின்ற செவிலியரே! இழந்தும் எழுந்து வந்திருக்கும் தாய்மார்களே! தலைதாழ்ந்த வணக்கம்.

என் மருந்துக்கு விருது தருகிறீர்கள். என்ன மருந்து அது? வைரஸ் நுரையீரலில் குடியேறுகிறது. ஊசி போடுகிறோம். மருந்து எங்கே போகிறது? உடம்பெல்லாம் ஊர்சுற்றுகிறது, சிறுநீரகத்தைச் சிதைக்கிறது, சேரவேண்டிய இடத்தில் சிட்டிகைதான் சேர்கிறது. ஆகவே கண்ணுக்கே தெரியாத கொழுப்புத் துகள்களுக்குள், நானோ துகள்களுக்குள், மருந்தைப் பொதிந்தோம். அவை நுரையீரலில் இறங்கும். நின்று நிதானமாய் மருந்தை விடும். அங்கே ஒருவர் கொட்டாவி விடுகிறார். பாடம் முடிந்தது ஐயா, இனி வழக்கு.

சென்ற ஆண்டு இங்கே நாற்பது குப்பிகள் அனுப்பினேன். மருந்துக் கிடங்குக்காரர் போனில் கேட்டார்: "சார், ஃபிரிட்ஜ்லயா, ஃப்ரீசர்லயா?" எனக்கு அவசரம். "நல்லாக் குளிரா வைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இந்தக் காய்ச்சலுக்கு அவர் அதுவரை காத்த தடுப்பூசி ஃப்ரீசரில் இருந்தது. இதையும் அங்கேயே வைத்தார். உறைந்தால் என்ன ஆகும்? துகள் உடையும், ஒன்றோடொன்று ஒட்டும், மருந்து கசியும். உருகியபின் குலுக்கிப் பார்த்தார். பழையபடி வெள்ளையாகத்தான் இருந்தது.

முதல் ஊசி யாருக்கு? கெஞ்சிக் கேட்டு அவர் வாங்கிக்கொடுத்தது, தையல் வேலை செய்த தம் சொந்த அக்காவுக்கு! ஐந்தாம் நாள் அக்கா இல்லை. அவருக்குப் பின் பதினொரு பேர் இல்லை.

விசாரணை வந்தது. "உறையவைக்கக் கூடாதென்று கையேட்டில் எழுதியிருக்கிறேன்" என்றேன். எழுதியிருந்தேன், பதினான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில். போனைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. அவர் வேலை போயிற்று. என் பெயர் வளர்ந்தது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை அப்படியே இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க பேரு கெட்டா அந்த மருந்தை யாரு சார் போட்டுக்குவாங்க? மத்தவங்களாவது பொழைக்கட்டும்னு இருந்துட்டேன்."

கைதட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், கைதட்டாதீர்கள். வெட்கத்தில் வெந்துகொண்டு நிற்கிறேன்.

மருந்து நல்ல மருந்து, நம்பிப் போட்டுக்கொள்ளுங்கள். மறந்தவன் நான், மறைத்தவன் நான். முதல்வர் அவர்களே, விருது மேசையிலேயே இருக்கட்டும். விசாரணைக் கோப்பைத் திறவுங்கள். அவர் பெயரை அடியுங்கள், என் பெயரை எழுதுங்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கிடங்குக்காரரே, நீங்கள் நிமிருங்கள். குனிய வேண்டியவன் மேடையில் நிற்கிறேன். உங்களுக்கு என் வணக்கம்.