ஆமென் வரைக்கும்

கணக்கு சார்: ...பல் டாக்டருங்களுக்கு எதுக்கு டீச்சர் ஜெபம்?

பெரிய டீச்சர்: அவங்களும் மனுஷங்கதானே சார்.

கணக்கு சார்: நேத்து கப்பல்ல போறவங்க. முந்தாநாள் தீயணைப்புக்காரங்க. இன்னைக்குப் பல் டாக்டர். இப்படியே போனா நாளைக்கு ஆடு மாடுதான் பாக்கி. ஒரு பிள்ளை மயங்கியே விழுந்துடுச்சு.

பெரிய டீச்சர்: அது காலையில சாப்பிடாம வந்திருக்கு.

ஒண்ணாப்பு டீச்சர்: என் கிளாஸ்தான் சார். வரிசை கலைஞ்சப்பதான் பார்த்தேன், தண்ணி தெளிச்சு பிஸ்கட் குடுத்தேன். கண்ணைத் திறந்ததும், "முடிச்சிட்டாங்களா டீச்சர்"னுதான் கேட்டுச்சு.

கணக்கு சார்: கேட்டுக்குங்க. என் முதல் பீரியடையே உங்க ஜெபம் தின்னுடுது. அஞ்சாப்புக்கு இன்னும் வகுத்தல் வரல. அதான் தாளாளர்கிட்ட சொன்னேன். முதுகுக்குப் பின்னாடி பேசினேன்னு இருக்க வேண்டாம், நேராவே சொல்லிடறேன்.

பெரிய டீச்சர்: தெரியும் சார். மத்தியானமே கூப்பிட்டு வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்.

கணக்கு சார்: என்ன சொன்னார்?

பெரிய டீச்சர்: நாளையிலிருந்து காலை ஜெபத்தை அவரே நடத்தப் போறாராம். ரெண்டே வரி. மணி அடிச்சதும் கேட்டுக்குப் பூட்டு. சாவி அவர் பாக்கெட்ல.

கணக்கு சார்: நல்லதுதானே? எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற நேரம் பார்த்து, லேட்டா வர்றதுங்க பூனை மாதிரி உள்ள வந்துடுது. அதுக்கும் ஒரு முடிவு.

பெரிய டீச்சர்: பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல. டீச்சருங்களுக்கும் அதே பூட்டுதான்.

கணக்கு சார்: எனக்கென்ன, நான் மணிக்கு முன்னாடியே வர்ற ஆளு. சரி, கிளம்பறேன். மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க டீச்சர்.

பெரிய டீச்சர்: வெச்சுக்கல. போயிட்டு வாங்க... போயிட்டாரா?

ஒண்ணாப்பு டீச்சர்: போயிட்டார்.

பெரிய டீச்சர்: அந்த நோட்டையெல்லாம் அப்படி வை. அப்புறம் திருத்தலாம். இப்படி உக்காரு.

ஒண்ணாப்பு டீச்சர்: சொல்லுங்க டீச்சர். கேக்கத் தயாராத்தான் இருக்கேன்.

பெரிய டீச்சர்: மூணு நாள் வெளிய நின்னா நாலாவது நாள் வர வேண்டாம்னு சொல்லிட்டார்.

ஒண்ணாப்பு டீச்சர்: என் பேரைச் சொன்னாரா?

பெரிய டீச்சர்: பேரைச் சொல்லல. "ஒண்ணாப்பை ரெண்டாப்போட சேர்த்து உக்கார வெச்சா என்ன"ன்னு கேட்டார். புரியுதில்ல?

ஒண்ணாப்பு டீச்சர்: புரியுது.

பெரிய டீச்சர்: நடுவுல ஒரு பீரோதான் சுவரு. அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னா, இந்தப் பக்கம் என் பிள்ளைங்களும் சேர்ந்து சொல்லுதுன்னு நீதான் சொல்லுவ. அந்த பீரோவையும் எடுத்துட்டா...

ஒண்ணாப்பு டீச்சர்: எடுக்க விடமாட்டேன் டீச்சர். இப்பதான் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்ட வருது. பென்சிலைக் கடிச்சுத் துப்பறதை நிறுத்தவே எனக்கு இத்தனை மாசம் ஆச்சு. அதுங்களை விட்டுட்டு எங்கயும் போறதா இல்ல.

பெரிய டீச்சர்: அப்ப மணிக்குள்ள வரணும்.

ஒண்ணாப்பு டீச்சர்: வருவேன்.

பெரிய டீச்சர்: எப்படி வருவ? இத்தனை நாள் வராதவ...

ஒண்ணாப்பு டீச்சர்: எங்க அத்தையைத் தெரியும்ல உங்களுக்கு?

பெரிய டீச்சர்: உன் மாமியாரா? கல்யாணத்துல பார்த்தது. நல்லா வாய் பேசுவாங்க.

ஒண்ணாப்பு டீச்சர்: வாய் இப்பவும் இருக்கு. ஞாபகம்தான் இல்ல. என்னை யாரோ வாடகைக்கு இருக்கிற பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் அசந்தா தாழ்ப்பாளைத் திறந்துக்கிட்டுக் கிளம்பிடறாங்க. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பிடிச்சோம். கால்ல செருப்புகூட இல்ல.

பெரிய டீச்சர்: உன் வீட்டுக்காரர்?

ஒண்ணாப்பு டீச்சர்: அவருக்கு நைட் ஷிஃப்ட். மாத்திவிட வர்ற ஆள் ஆடி அசைஞ்சு வந்தாத்தான் அவர் கிளம்ப முடியும். அவர் வீட்டுக்குள்ள கால் வெச்சாத்தான் நான் வெளிய கால் வைக்க முடியும்.

பெரிய டீச்சர்: வெளிய பூட்டிட்டு வர்றது...

ஒண்ணாப்பு டீச்சர்: பூட்டினேன். ஒரே ஒரு நாள். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிக் கிடந்தாங்க. இனிமே பூட்டமாட்டேன். வேலையே போனாலும் சரி.

பெரிய டீச்சர்: வேலை போகக் கூடாதுன்னும் சொல்ற.

ஒண்ணாப்பு டீச்சர்: ரெண்டும்தான் சொல்றேன்.

பெரிய டீச்சர்: ...சரி. வேற வழி?

ஒண்ணாப்பு டீச்சர்: நாளைக்குக் கூடவே கூட்டிட்டு வரப்போறேன்.

பெரிய டீச்சர்: யாரை?

ஒண்ணாப்பு டீச்சர்: அத்தையை.

பெரிய டீச்சர்: பள்ளிக்கூடத்துக்கா?

ஒண்ணாப்பு டீச்சர்: என் கிளாஸுக்கு. முதல் பெஞ்சு, சுவர் ஓரம்.

பெரிய டீச்சர்: எந்திரிச்சு ஓடிட்டா?

ஒண்ணாப்பு டீச்சர்: ஒண்ணாப்புல எந்திரிச்சு ஓடாதது யாரு டீச்சர்? அதைப் பிடிக்கிறதுதானே என் உத்தியோகம்.

பெரிய டீச்சர்: சிரிக்க வைக்காதே. தாளாளர் கேட்டா நான் என்ன சொல்றது?

ஒண்ணாப்பு டீச்சர்: புது அட்மிஷன்னு சொல்லுங்க.

பெரிய டீச்சர்: அடி வாங்குவ நீ.

ஒண்ணாப்பு டீச்சர்: நிஜமாத்தான் சொல்றேன். பென்சில் சீவச் சொன்னா நாள் பூரா உக்காந்து சீவுவாங்க. வீட்ல இருக்கிற பென்சிலையெல்லாம் சீவியே தீர்த்துட்டாங்க.

பெரிய டீச்சர்: பிளேடு...

ஒண்ணாப்பு டீச்சர்: ஷார்ப்னர்தான். பத்து மணிக்கு அவர் வந்து கூட்டிட்டுப் போயிடுவார். பேசிட்டேன்.

பெரிய டீச்சர்: ராத்திரி முழுக்க முழிச்ச மனுஷன், இங்கயும் வந்து...

ஒண்ணாப்பு டீச்சர்: அவர் அம்மாதானே டீச்சர். வரட்டும்.

பெரிய டீச்சர்: தாளாளர் வெச்சுக்கக் கூடாதுன்னு சொன்னா?

ஒண்ணாப்பு டீச்சர்: என்கிட்ட வந்து சொல்லட்டும். மணிக்குள்ள வந்தேனா இல்லையான்னு கேப்பேன். வந்தேன். கிளாஸ் நடக்குதா? நடக்குது. அப்புறம் என்ன?

பெரிய டீச்சர்: உன்கிட்ட எதுக்கு வரப்போறார்? என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒண்ணாப்பு டீச்சர்: உங்களுக்குச் சங்கடம்னா...

பெரிய டீச்சர்: கூட்டிட்டு வா. நான் பேசிக்கறேன். இன்னைக்கு வாங்கினதுக்கு மேலயா வாங்கிடப் போறேன்.

ஒண்ணாப்பு டீச்சர்: சரி டீச்சர்.

பெரிய டீச்சர்: இதை முன்னாடியே கேட்டிருந்தா அப்பவே சரின்னு சொல்லியிருப்பேனே.

ஒண்ணாப்பு டீச்சர்: வேண்டாம்னுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்களும்தான் ஒரு நாளும் கேக்கல, ஏன் லேட்டுன்னு.

பெரிய டீச்சர்: கேட்டா நீ சொல்லுவ. சொன்னா, தெரிஞ்சுதான் விட்டேன்னு ஆயிடும். அப்புறம் தாளாளர்கிட்ட எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அதான்...

ஒண்ணாப்பு டீச்சர்: அதான்?

பெரிய டீச்சர்: இழுத்தேன்.

ஒண்ணாப்பு டீச்சர்: எதை?

பெரிய டீச்சர்: ஜெபத்தைத்தான். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது நீ உள்ள வந்துட்டா யாருக்கும் தெரியாதில்ல. நான் மட்டும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு கேட்டையே பார்த்துக்கிட்டு நிப்பேன். நீ வந்தபாடில்ல. யாருக்கு ஜெபிக்கிறதுன்னு தெரியாம வாய்க்கு வந்தவங்களையெல்லாம்... இந்த வயசுல, பிள்ளைங்க முன்னாடி கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்ணினேன்டி உனக்காக.

ஒண்ணாப்பு டீச்சர்: ஐயோ டீச்சர்...

பெரிய டீச்சர்: என்ன ஐயோ?

ஒண்ணாப்பு டீச்சர்: நீங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நான் வந்துடுவேன். ஜெபத்துக்கு நடுவுல யாரும் நடக்கக் கூடாதுன்னு பிள்ளைங்களை அதட்டறவ நான், நானே எப்படிக் குறுக்க நடக்கிறது? கேட் தூணுக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கிட்டு நிப்பேன். ஆமென்னதும் வரிசை கலையும்ல, அந்தக் கூட்டத்தோட கூட்டமா உள்ள வந்துடுவேன்... இந்தம்மா எப்பத்தான் ஆமென் சொல்லித் தொலைக்கும்னு தினமும் உங்களைத் திட்டிக்கிட்டே நின்னிருக்கேன் டீச்சர்.