டர்போ வண்டிக்கு ஏற்ற எண்ணெய்

எண்ணெய் விஷயத்தில் மக்களுக்குப் பொறுமை கிடையாது, ஐயா. வண்டி வாங்க ஒரு வருடம் அலைவார்கள். எந்த நிறம் என்று குடும்பமே கூடிச் சண்டை போடும். எஞ்சினுக்குள் போகிற எண்ணெய் மட்டும் கடைக்காரன் கைக்கு எட்டியது எதுவோ அது போதும். சாதாரண வண்டி தாங்கும். டர்போ வண்டி தாங்காது. அதற்குள் ஒரு சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதன் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். வண்டியைச் செய்தவன் கையேட்டில் எதைச் சொல்லியிருக்கிறானோ அதைத்தான் ஊற்ற வேண்டும். இதை இந்த ஊரில் தொண்டை வறளச் சொல்லிவந்த ஒரே மெக்கானிக் நான்தான்.

நீங்கள் அந்தக் காரிலிருந்து எடுத்த எண்ணெயைப் பெல்கிரேடுக்குப் போலீஸ் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வீண் வேலை. என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அது பழைய டிராக்டருக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய். நல்ல எண்ணெய் வந்த டப்பாவில் அதை நிரப்பி வைத்திருந்தேன்.

ரெல்யா கெட்ட பையன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் அப்பாவுக்குச் சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். பையன் பிறந்து வளர்ந்தது ஆஸ்திரியாவில், லின்ஸில். லிஃப்ட் பொருத்தும் வேலை. கோடை விடுமுறைக்கு ஒரு சாம்பல் நிற டீசல் டர்போ காரில் வந்தான், மருந்துக்கடையில் வேலை பார்த்த என் மகள் சென்காவைப் பார்த்தான், அப்புறம் ஊரை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். என் கராஜுக்கு வந்து ஜாக்கி தூக்குவான், தரை பெருக்குவான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறானே, இப்படி ஒரு மருமகன் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் மிலோயே என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

என் மனைவி செத்தபோது சென்காவுக்கு ஒன்பது வயது. அவளுக்குச் சமைத்துப் போட்டவன் நான். கராஜிலிருந்து கறுத்த கையோடு ஓடிவந்து பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி விட்டவனும் நான்தான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் அவள் கேட்டா செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லைதான்.

நிச்சயம் பேசின ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாட்டியிருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவே ரெல்யா சொன்னான்: "மாமா, பேசாம நீங்களும் எங்ககூட லின்ஸுக்கு வந்துடுங்க. அங்க கராஜெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி பளபளன்னு இருக்கும். உங்களை ரிப்பேர் பக்கம் விட மாட்டாங்க, தரை துடைக்கிற வேலையாவது வாங்கித் தந்துடுறேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்குத் தெரியாதா? அவன் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. சென்கா சிரித்தாள். வாயில் இருந்த ரொட்டி புரையேறும் அளவுக்குச் சிரித்துவிட்டு, "அப்பாவுக்கு முதல்ல கை கழுவக் கத்துக்கொடுக்கணும்" என்றாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம், "வண்டிக்கு எண்ணெய் மாத்தி நாளாச்சுபோல இருக்கே மாப்ளே, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கொண்டாந்து விடு" என்று சொன்னேன். "மாமா கை வெச்சா எனக்கென்ன கவலை" என்றான்.

ஆரம்பத்தில், அந்த டப்பாவிலிருந்து ஊற்றியபோது, கொல்கிற எண்ணமெல்லாம் இல்லை. போகிற வழியில் ஹங்கேரியிலோ எங்கேயோ வண்டி படுத்துவிடும், செலவு இழுக்கும், கல்யாணம் தள்ளிப்போகும், தள்ளிப்போன கல்யாணம் நடந்ததாக நான் அதிகம் பார்த்ததில்லை. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் ஜெர்மன்காரன் வண்டியை நன்றாகச் செய்து தொலைத்திருக்கிறான். அது லின்ஸுக்குப் போய்ப் போய் வந்தது. குளிர் ஏற ஏற அந்தக் கெட்டி எண்ணெய் காலையில் டர்போவுக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், அதுவரை தண்டு காய்ந்து தேயும். அவன் வந்ததும் வராததுமாக எஞ்சினைப் பட்டென்று அணைப்பான். ஓடிவந்த டர்போ வண்டியைக் கொஞ்சம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் கருகிப்போகும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பேன். அவனுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை வந்தபோதும் காற்றுக்குழாயைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் கூடிக்கொண்டே வந்தது.

நவம்பரில், கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்குவதற்கு முன் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வண்டியைத் துடைத்துத் தருவதாக வாங்கி, எண்ணெயை அளவுக்கு மேல் ஒன்றரை லிட்டர் ஊற்றினேன். தேய்ந்த டர்போ எண்ணெயை எஞ்சினுக்குள்ளேயே கக்கும். அப்புறம் டீசல் எஞ்சினுக்கு டீசலே வேண்டாம், சொந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. உங்களுக்குப் புரியும்படியாகச் சொல்லவேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கொடி கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு ஆற்றோரச் சாலையில் வந்து இறங்கினார்கள். வந்த வழியே மணமகளைக் கூட்டிப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்படியானால் மலைப்பாதைதான். ஏற்றம் நீளம், அதற்குப் பிறகு செங்குத்தான இறக்கம்.

"அந்த மலைப்பாதை எதுக்கு மாமா? ஆத்தோரமாவே போயிடலாமே" என்றான் ரெல்யா.

"வந்த வழியே திரும்புனா குடும்பம் விளங்காது மாப்ளே. நம்பலைன்னா உங்கப்பாகிட்ட கேளு" என்றேன். அவன் அப்பா என்னைவிட வேகமாகத் தலையாட்டினார்.

மாமனார் ஊற்றுகிற ராக்கியாச் சாராயத்தை மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். எது நடந்தாலும் அவன் வாயில் அந்த வாடை இருக்க வேண்டும். அவனோடு காரில் மாப்பிள்ளைத் தோழனும் போவான் என்பது தெரியும். அதைப் பற்றி யோசித்தீர்களா என்றால், யோசித்தேன். அவன் குடும்பம் எனக்குப் பழக்கமில்லை.

சென்காவுக்கு ஒன்றும் ஆகாது, அதில் மட்டும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருந்தேன். மணமகளைத் தேவாலயம்வரை அழைத்துப் போக வேண்டியவன் மாப்பிள்ளையின் தம்பி. அவன் கார் வேறு. என் பாட்டன் காலத்திலிருந்து இது மாறியதில்லை. ஆனால் நான் மாப்பிள்ளைக்கு ஊற்றுவதைப் பார்த்த என் சொந்தக்காரர்கள், குறை வைக்கக் கூடாதே என்று தம்பிக்கும் ஊற்றிவிட்டார்கள்.

சென்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். "நல்லா இருக்குடா லட்சணம். அண்ணனுக்கும் நிக்க முடியல, தம்பிக்கும் நிக்க முடியல. சாவியைக் குடு" என்று ரெல்யாவிடமிருந்து பிடுங்கினாள்.

"அடியேய், கொழுந்தனோடதான்டி போகணும்" என்று பெண்கள் கத்தினார்கள்.

"சர்ச்சுக்கு உசுரோட போய்ச் சேர்றதும் சம்பிரதாயந்தான் அத்தை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தோழனையும் தம்பியையும் வேறு யாருடைய காரிலோ ஏற்றினார்கள். ரெல்யா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதே கண்ணை மூடிவிட்டான்.

இறக்கத்தில் இரண்டாவது வளைவு. பின்னால் வந்தவர்கள் வெள்ளைப் புகையைத்தான் பார்த்தார்களாம். வண்டி ஆறாவது கியரில் கிடந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அடங்காத டீசலை அப்படித்தான் அணைக்க வேண்டும், பெரிய கியரில் போட்டு பிரேக்கை மிதித்து. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கராஜுக்குள் விட்டதே இல்லை. வாசலில் நின்றே கற்றிருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ரெல்யா மட்டும் பிழைத்தான். இடுப்பு எலும்பு போய்விட்டது. ஊன்றுகோலோடு என் வீட்டுக்கு வந்து, "நான் குடிக்காம இருந்திருந்தா அவ ஓட்டியிருக்க மாட்டா, என்னை மன்னிச்சிடுங்க" என்று என் மடியில் தலைவைத்து அழுதான். மாமா என்று கூப்பிடவில்லை, அப்பா என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, போனது போகட்டும், உன்னை மன்னித்துவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகும் வாராவாரம் வந்தான். நானும் வாராவாரம் மன்னித்தேன்.

அவள் ஓட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டீர்கள். எல்லாம் நொடியில் நடந்துவிட்டது என்று முதலில் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். முக்காட்டைக் கழற்றிப் பின்னால் போட்டாள். ஸ்டார்ட் செய்துவிட்டு ஜன்னலை இறக்கி, எஞ்சினுக்குக் காதைக் கொடுத்து, "அப்பா, விசில் அடிக்குது. சத்தம் ஒரு மாதிரி இருக்கே. இதுல போலாமா?" என்று கேட்டாள்.

ஊரே சுற்றி நின்றது. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு, போ" என்றேன். எஞ்சின் சூடாகும்வரை மெதுவாக ஓட்டச் சொன்னேன், பெல்ட்டை நானே போட்டுவிட்டேன். ஒரு அப்பன் சொல்லி அனுப்ப வேண்டியது எதையும் நான் விட்டுவிடவில்லை.